பத்து கிராம் சருகு

மரத்தில் அது வாழ்ந்தது ஐந்து மாதமும் சில நாட்களும். மே நடுவில் துளிர்த்தது, அக்டோபர் கடைசியில் உதிர்ந்தது. தரையில் கிடந்ததோ ஆறு ஆண்டுகள். ஓக் இலையின் வரலாற்றை எழுத உட்காருபவர் பச்சையாக இருந்த மாதங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டுச் சருகுக்கு வந்துவிடுவதே நியாயம். சுவாரசியமானதெல்லாம் விழுந்த பிறகுதான் நடக்கிறது.

இடம், அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் பீட்டர்ஷாம் என்ற சிற்றூர். ஹார்வர்ட் பல்கலைக்கழகம் 1907 முதல் அங்கே ஒரு காட்டை ஆய்வுக்கென்றே வைத்திருக்கிறது. பெயரும் ஹார்வர்ட் காடுதான். காடு என்றதும் ஆதிகாலத்து வனம் என்று நினைத்துவிட வேண்டாம். உள்ளே நடந்தால் மரங்களுக்கு நடுவே பழைய கற்சுவர்கள் ஓடுவது தெரியும். 19-ஆம் நூற்றாண்டில் அவை வயல் வரப்புகள், மேய்ச்சல் நிலத்து வேலிகள். நல்ல மண் தேடி மேற்கேயும் கூலி தேடி ஆலை நகரங்களுக்கும் சம்சாரிகள் போய்விட, விட்டுப்போன நிலத்தில் மரம் தானாக ஏறியது. நம் இலை பிறந்த பகுதி 1940-களின் நடுவில் ஒருமுறை வெட்டப்பட்டு மறுபடி தழைத்தது. கருப்பு ஓக், சிவப்பு ஓக், பிர்ச், மேப்பிள், பீச் எல்லாம் கலந்து நிற்கும். மரக்கடைப் பேச்சில் இவை ‘வன்மரங்கள்’. ஊசியிலை பைனிலிருந்து பிரித்துச் சொல்வதற்காக வந்த பெயர்.

ஒன்றை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். இந்த இலைக்குத் தனிப் பெயரும் எண்ணும் கிடையாது. அந்தக் காட்டில் உதிர்ந்து, ஆய்வாளர் கையில் சிக்கி, வலைப்பைக்குள் போன கருப்பு ஓக் இலைகளின் பொதுக்கதையைத்தான் ஓர் இலையின் கதையாகச் சொல்கிறேன்.

உள்ளங்கையைவிடப் பெரிய இலை. ஓரம் ஆழமாக வெட்டுப்பட்டு, ஒவ்வொரு மடலும் மயிர்போல் ஒரு கூர்நுனியில் முடியும். தொட்டால் தோல் மாதிரி விறைப்பு. செப்டம்பரில் பகல் குறுகத் தொடங்கியதும் மரம் கணக்குத் தீர்க்க ஆரம்பிக்கிறது. பச்சையத்தை உடைத்து, இலையிலிருந்த நைட்ரஜனில் ஏறத்தாழப் பாதியைக் கிளைக்குள் இழுத்துக்கொள்கிறது. நம் விவசாயிகள் நைட்ரஜனைத் ‘தழைச்சத்து’ என்பார்கள். தழையை உதிர்க்கும் முன்பு தழைச்சத்தைப் பறிமுதல் செய்துகொள்ளும் இந்தக் கருமித்தனம் மரத்துக்குக் கைவந்த கலை. அதன்பின் காம்பின் அடியில் தக்கைபோல் ஓர் அடுக்கு வளர்ந்து வழியை அடைக்கிறது. ஒரு காற்று வந்தால் போதும்.

விழுந்த சருகைக் காயவைத்துப் பிரித்துப் பார்த்தால், எடையில் பாதி கார்பன். நைட்ரஜன் நூற்றுக்கு ஒரு பங்கைத் தொடுவதே அரிது. ஐந்தில் ஒரு பங்கு போல லிக்னின். செல்லுலோஸ் நார்களைக் கம்பி என்று வைத்துக்கொண்டால், லிக்னின் அதைச் சுற்றி ஊற்றிய கான்கிரீட். செல்லுலோஸ் ஒழுங்காகக் கோத்த சர்க்கரைச் சங்கிலி. சரியான நொதி இருந்தால் கண்ணி கண்ணியாகக் கழற்றிவிடலாம். லிக்னின் அப்படியல்ல. ஒழுங்கில்லாமல் பின்னிய வளையங்களின் சிக்கல். அதை வெட்டித் தீர்ப்பது உயிருலகத்தில் மிகச் சிலருக்கே தெரிந்த தொழில். அந்தச் சிலரில் முதல் வரிசையில் இருப்பவை வெண்ணழுகல் பூஞ்சைகள்.

இனி சருகுக்காகக் காத்திருந்த மனிதர்களைப் பார்ப்போம். 1980-களில் அமிலமழை பெரிய பேச்சாக இருந்தது. அனல்மின் நிலையங்களும் வண்டிகளும் கக்கும் புகையிலிருந்த நைட்ரஜன், மழையோடும் தூசியோடும் வடகிழக்கு அமெரிக்கக் காடுகளில் இறங்கிக்கொண்டிருந்தது. பீட்டர்ஷாமில் அது ஆண்டுக்கு எக்டருக்கு 8 கிலோ போல. தழைச்சத்துக்கு எப்போதும் ஏங்கிக்கொண்டிருக்கும் காட்டுக்கு இது விருந்தா, அஜீரணமா? ஜான் ஏபர் என்ற ஆய்வாளரும் அவருடன் இருந்தவர்களும் 1988-இல் காத்திருக்காமல் தாங்களே உரம் போட்டுப் பார்க்கத் தொடங்கினார்கள். 30 மீட்டருக்கு 30 மீட்டர் அளவில் பாத்திகள். ஒன்றுக்கு எதுவும் கிடையாது. ஒன்றுக்கு எக்டருக்கு 50 கிலோ நைட்ரஜன், இன்னொன்றுக்கு 150 கிலோ, ஒவ்வோர் ஆண்டும். வளர்பருவத்தில் மாதத்துக்கு ஒன்றாக ஆறு தவணை. அம்மோனியம் நைட்ரேட்டைத் தண்ணீரில் கரைத்து, நம் ஊரில் மருந்தடிக்கும் டேங்க் மாதிரி முதுகில் மாட்டிக்கொண்டு, மரங்களுக்கு இடையே நடந்து தெளித்தார்கள்.

150 கிலோ என்பது காட்டுக்கு எவ்வளவு பெரிய தொகை என்று தமிழ் வாசகருக்குச் சுலபமாகப் புரியவைக்கலாம். மத்திய, நீண்டகால நெல் ரகங்களுக்குத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் எக்டருக்குச் சொல்லும் தழைச்சத்தின் அளவும் அதே 150 கிலோதான். வயலில் நெல்லும் வைக்கோலுமாக அதில் ஒரு பகுதி வெளியே போய்விடும். காட்டில் யாரும் அறுவடை செய்வதில்லை. போட்டது அங்கேயே கிடக்கும், அல்லது மண்ணுக்குள் இறங்கும். ஒரு பாத்திக்கு ஆண்டுக்கு ஏறக்குறைய 39 கிலோ அம்மோனியம் நைட்ரேட் உப்பு என்று கணக்கு வருகிறது. முக்கால் மூட்டைக்கும் கூட.

நம் சருகு விழுந்தது இந்தப் பாத்திகளுக்குப் பக்கத்தில். அள்ளினார்கள், உலர்த்தினார்கள், எடை போட்டார்கள். இந்த வகைச் சோதனையில் வழக்கமாக ஒரு பைக்குப் பத்து கிராம் போல வைப்பார்கள். பை என்றால் கொசுவலைபோன்ற கண்ணுள்ள செயற்கை நூல் வலை. இங்கிலாந்தில் போகாக், கில்பர்ட் என்ற இருவர் சருகை வலையில் கட்டிக் காட்டில் போட்டு எவ்வளவு காணாமல் போகிறது என்று பார்த்த கட்டுரை 1957-இல் வந்தது. இன்றுவரை உலகம் முழுக்க அதே முறைதான். மலிவு, எளிது, குறைகளும் உண்டு. ஒரே மரத்துச் சருகில் ஒரு பங்கு உரமில்லாப் பாத்திக்குப் போனது. இன்னொரு பங்கு 150 கிலோ பாத்திக்கு. அண்ணன் அங்கே, தம்பி இங்கே என்று வைத்துக்கொள்வோம்.

முதல் மழையில் இருவருமே தேநீர் ஆனார்கள். சருகிலிருந்த சர்க்கரையும் கரையக்கூடிய கசப்புப் பொருட்களும் பழுப்புச் சாறாக இறங்கிப் போயின. பிறகு பனி. பனி மூடினால் காடு தூங்கிவிடும் என்று தோன்றும். உண்மையில் பனி ஒரு கம்பளி. மேலே காற்று கடுங்குளிரில் இருக்கும்போது அடியில் மண் பூஜ்யம் டிகிரியை ஒட்டியே நிற்கும். அந்தக் குளிரிலும் நுண்ணுயிர்கள் மெதுவாக மென்றுகொண்டுதான் இருக்கின்றன.

மண்புழு வரவில்லையா என்று நம்மவர் கேட்பார். அந்தப் பிரதேசத்தைப் பனியுகத்தில் பனிப்பாறை மூடிக் கிடந்தது. அது பின்வாங்கியபின் அங்கே உள்ளூர் மண்புழு என்றே ஒன்று மிஞ்சவில்லை. இப்போது இருப்பவை ஐரோப்பாவிலிருந்தும் ஆசியாவிலிருந்தும் செடித்தொட்டி மண்ணிலும் தூண்டில் டப்பாவிலும் வந்தவை. வந்த இடங்களில் சருகுப் படுகையையே தின்று தீர்த்துவிடுகின்றன என்பதால் காட்டு அதிகாரிகள் அவற்றை விருந்தாளியாகப் பார்ப்பதில்லை. பூஞ்சைதான் அந்தக் காட்டின் பூர்வீகக் குடியானவன்.

வசந்தத்தில் பூஞ்சை இழைகள் இரு பைகளுக்குள்ளும் நுழைந்தன. இங்கே ஒரு சின்னக் கணக்குப் போட்டுவிடுவோம். பத்து கிராம் சருகில் கார்பன் 5 கிராம், நைட்ரஜன் 80 மில்லிகிராம். தின்ற கார்பனில் ஒரு பகுதியை மூச்சாக விட்டுவிட்டு, 2 கிராமைப் பூஞ்சை தன் உடலாக மாற்றிக்கொள்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதன் உடலில் பத்துக்கு ஒன்று என்ற அளவில் நைட்ரஜன் வேண்டும். அப்படியானால் தேவை 200 மில்லிகிராம். கையிலிருப்பது 80. சோறு நிறைய இருக்கிறது, குழம்பு போதவில்லை. ஆகவே பூஞ்சை தன் இழைகள் வழியே கீழ்மண்ணிலிருந்து நைட்ரஜனை மேலே சருகுக்குக் கடத்துகிறது. மக்கும் சருகின் எடை குறைந்துகொண்டே போக, அதிலிருக்கும் நைட்ரஜன் மட்டும் முதலில் ஏறும் விசித்திரம் இதனால்தான்.

இப்போது தம்பியின் பாத்தியைப் பாருங்கள். குழம்பு வானத்திலிருந்தே கொட்டுகிறது. கடத்தல் வேலையே தேவையில்லை. செல்லுலோஸைக் கழற்றும் நொதிகள் தாராளமாகச் சுரக்கின்றன. முதல் ஆண்டில் இரண்டு பைகளுக்கும் பெரிய வித்தியாசம் இருக்காது. உரம் பெற்றது ஓரடி முந்திக்கூட நிற்கலாம். சோதனையை அங்கேயே நிறுத்தியிருந்தால், உரம் போட்டால் சருகு சீக்கிரம் மக்கும் என்று எழுதி முடித்திருப்பார்கள். பல குறுகிய கால ஆய்வுகள் அப்படித்தான் முடிந்தன.

ஹார்வர்ட் காட்டில் பைகளை ஆறு ஆண்டு விட்டுவைத்தார்கள். இலகுவானது தீர்ந்து லிக்னின் முகம் காட்டத் தொடங்கியதும் கதை திரும்பியது. அண்ணன் தொடர்ந்து கரைந்துகொண்டிருக்க, தம்பி ஒரு கட்டத்தில் நின்றுபோனார். ஆலிசன் மகில், ஏபர் இருவரும் 1998-இல் எழுதிய கட்டுரையின் சாரம் இது: தழைச்சத்து பெற்ற பாத்திகளில் லிக்னின் அழிவது குறைந்து, கடைசியில் மக்காமல் மிஞ்சும் பொருள் கூடுகிறது. ஸ்வீடனில் பியோர்ன் பெர்க் பைன் ஊசிகளை வைத்து ஏற்கெனவே இதே மாதிரி ஒன்றைச் சொல்லியிருந்தார். நைட்ரஜன் தொடக்கத்தில் தள்ளிவிடும், பிற்பாடு பிடித்திழுக்கும்.

எல்லா இலைக்கும் இதே கதியா? இல்லை. அதைக் காட்டியது நியூயார்க் மாநிலத்தில் நடந்த ஒரு சோதனை. மார்கரெட் கரேரோவும் கூட்டாளிகளும் 2000-இல் வெளியிட்டது. டாக்வுட், சிவப்பு மேப்பிள், சிவப்பு ஓக் என மூன்று சருகு. லிக்னின் டாக்வுட்டில் குறைவு, மேப்பிளில் நடுத்தரம், ஓக்கில் அதிகம். ஒரே காட்டுத்தரை, ஒரே நைட்ரஜன் கரைசல். டாக்வுட் சருகு வேகமாக மக்கியது. ஓக் சருகு மெதுவானது. மேப்பிள் நடுவில். நொதிகளை அளந்தபோது காரணம் பிடிபட்டது. செல்லுலோஸைக் கழற்றும் நொதி எல்லாவற்றிலும் ஏறியிருந்தது. லிக்னினை உடைக்கும் நொதி ஓக் சருகில் இறங்கியிருந்தது. உரத்தின் விளைவு என்ன என்று பொதுவாகக் கேட்பதே தவறான கேள்வி என்று எனக்குப் படுகிறது. எந்த இலைக்கு, எந்த வயதில் என்று கேட்கவேண்டும்.

நொதி ஏன் இறங்கவேண்டும்? இதற்கு விடை காட்டில் கிடைக்கவில்லை, விஸ்கான்சின் மாநிலம் மேடிசனிலிருந்த அமெரிக்க வனத்துறையின் மரப்பொருள் ஆய்வகத்திலிருந்து கிடைத்தது. கென்ட் கிர்க்கும் உடனிருந்தவர்களும் ஃபனரோகீட்டி கிரிசோஸ்போரியம் என்ற வெண்ணழுகல் பூஞ்சையை வளர்த்துப் பார்த்தார்கள். 1978-இல் அவர்கள் வெளியிட்டது இது: வளர்ப்பில் நைட்ரஜன் இருக்கும்வரை அது லிக்னினைத் தொடுவதில்லை. நைட்ரஜன் தீர்ந்து வளர்ச்சி நின்ற பிறகே அந்த வேலையை ஆரம்பிக்கிறது. யோசித்தால் நியாயம்தான். லிக்னினை உடைப்பதில் பூஞ்சைக்குக் கிடைக்கும் சக்தி சொற்பம். வயிற்றுக்காக அல்ல, கான்கிரீட்டுக்குள் சிக்கிய மிச்சச் சத்தை எடுப்பதற்காகத்தான் அது அந்தப் பாடுபடுகிறது. பட்டினி கிடப்பவன் சுவரை இடிப்பான். பந்தியில் உட்கார்ந்தவன் எதற்கு இடிக்கிறான்?

இது ஒன்றே காரணம் என்று சொல்லிவிட முடியாது. உடைந்த லிக்னின் துண்டுகளோடு நைட்ரஜன் சேர்மங்கள் ஒட்டிக்கொண்டு இன்னும் கடினமான கருப்புப் பொருளாக இறுகுவதும் உண்டு. அம்மோனியம், நைட்ரேட்டாக மாறும்போது மண்ணில் புளிப்பு ஏறுவதும் உண்டு.

இந்த இடத்தில் நம் ஊர்க்காரர் ஒருவர் எழுந்து நிற்பார். “என்ன சார் இது, தென்னை நார்க்கழிவை மக்கவைக்க யூரியாதானே போடச் சொல்றாங்க?” உண்மை. ஒரு டன் நார்க்கழிவுக்கு 5 கிலோ யூரியாவும் சிப்பிக்காளான் வித்தும் அடுக்கடுக்காகப் போடச் சொல்வது நம் வேளாண் பல்கலைக்கழகத்தின் பழைய முறை. நார்க்கழிவிலும் லிக்னின் ஏராளம். ஆனால் அந்தக் குவியலில் நைட்ரஜன் பஞ்சம் அவ்வளவு கடுமையாக இருக்கிறது, யூரியா இல்லாவிட்டால் வேலையே தொடங்காது. கூடவே, சிப்பிக்காளான் வேறு சாதி. பட்டினி போட்டால்தான் லிக்னினில் கைவைப்பேன் என்று அது பிடிவாதம் பிடிப்பதில்லை. வேலைக்கு ஏற்ற ஆளை நாமே கொண்டுவந்து இறக்குகிறோம். காட்டில் அப்படி யாரும் இறக்குவதில்லை.

தம்பியின் பாத்தியில் ஆண்டுகள் போகப்போக ஊரே மாறிவிட்டது. பதின்மூன்று ஆண்டு அளவீடுகளின் முடிவில், மண்ணிலிருந்து வெளியேறும் கரியமில வாயு உரமிட்ட வன்மரப் பாத்தியில் 40 விழுக்காட்டுக்கும் மேல் குறைந்திருந்தது. செரிட்டா ஃப்ரே குழுவினர் 2004-இல் எழுதியபடி, உயிர்த்துடிப்புள்ள பூஞ்சையின் அளவு வன்மரக் காட்டில் 27 முதல் 61 விழுக்காடு வரை இறங்கியிருந்தது. மிச்சிகனில் நான்கு சர்க்கரை மேப்பிள் காடுகளில் 1994 முதல் எக்டருக்கு 30 கிலோ மட்டுமே கொடுத்துப் பார்த்த இன்னொரு சோதனையிலும் மேல்மண்ணில் கரிமம், அதாவது கார்பன், சேர்ந்தது. ஆகவே இது 150 கிலோ என்ற முரட்டு அளவின் விளைவு மட்டும் என்று தள்ளிவிட முடியாது.

எனக்கு எல்லாவற்றையும்விட வியப்பளித்தது 2017-இல் வந்த கட்டுரை. லிண்டா வான் டீப்பன் உள்ளிட்டோர், உரமில்லாப் பாத்தியிலிருந்தும் உரமிட்ட பாத்தியிலிருந்தும் ஒரே இனப் பூஞ்சைகளைப் பிரித்தெடுத்து, ஆய்வகத்தில் சருகு கொடுத்து வளர்த்தார்கள். கால் நூற்றாண்டாகத் தழைச்சத்தில் திளைத்த பாத்தியிலிருந்து வந்தவை, இனம் அதுவேயானாலும், சருகை மக்கவைப்பதில் பின்தங்கின. ஆள் மாறவில்லை. கைத்தொழில் மங்கிவிட்டது. ஒரு சில தலைமுறை தறியைத் தொடாத நெசவாளர் குடும்பம் போல.

சருகு மக்காவிட்டால் கார்பன் மண்ணிலேயே தங்கும், வானுக்குப் போகாது, அப்படியானால் நல்லதுதானே என்று ஒரு கட்சி உண்டு. 2014-இல் ஃப்ரே குழு இருபதாண்டுக் கணக்கை எழுதியபோது, உரமிட்ட வன்மரக் காட்டில் மண்ணிலும் மரத்திலும் கரிமம் கூடியிருந்தது என்பதும் உண்மை. ஆனால் அதே சோதனையின் பக்கத்துத் தோப்பைப் பார்க்கவேண்டும். 1926-இல் நட்ட சிவப்பு பைன் தோப்பு அது. அங்கே அதே 150 கிலோ பெற்ற பாத்தியில் மரங்கள் மெலிந்து சாகத் தொடங்கின. நைட்ரேட் மண்ணைத் தாண்டி நிலத்தடிக்கு ஒழுகியது. உரத்தைத் தயாரிக்க எரிக்கும் இயற்கை எரிவாயுவின் புகையையும் யாராவது கணக்கில் எழுதவேண்டும். கரிமம் சேமிக்கக் காட்டுக்கு உரம் போடலாம் என்ற யோசனையை, என் மட்டில், நான் ஏற்கமாட்டேன். மக்காத சருகு பூட்டிவைத்த பெட்டி. அதற்குள் கார்பன் மட்டுமல்ல, அடுத்த வசந்தத்தின் சுண்ணாம்புச்சத்தும் மணிச்சத்தும்கூட அடைபட்டுக் கிடக்கின்றன.

ஆறாம் ஆண்டு முடிவில் இரண்டு பைகளையும் எடுத்தார்கள். அண்ணனிடம் மிஞ்சியது கொஞ்சம் நரம்பும் துகளும். தம்பியிடம் அதைவிடக் கூடுதலாக, கறுத்த கட்டியாக. இரண்டையும் துலக்கி, உலர்த்தி, எடைபோட்டு, அரைத்துத் தூளாக்க வேண்டும். வலைக்கண் வழியாக உள்ளே புகுந்த மண்ணின் எடையைக் கழிக்கவேண்டும் அல்லவா? அதற்கு ஒரு சிட்டிகைத் தூளைப் பீங்கான் கிண்ணத்தில் போட்டு, 500 டிகிரியை ஒட்டிச் சூடேறிய உலையில் சில மணி நேரம் வைப்பார்கள். கரிமம் முழுவதும் புகையாகிப் போனபின் அடியில் நிற்கும் சாம்பலை நிறுத்து, குறிப்பேட்டில் எழுதிக்கொள்வார்கள்.